ஆதார்: கைரேகைக்கும் ஒரு பூட்டு

கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் ரேகையை மாற்ற முடியாது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை நகலெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் வங்கிக் கணக்கைக் காலி செய்த மோசடிகள் நாட்டில் நடந்திருக்கின்றன. அதில் ஓடிபி கேட்பதில்லை; ஆதார் எண், வங்கியின் பெயர் இவற்றோடு விரல் ரேகை இருந்தால் போதும்.

எனவே முதல் வேலை, ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பயோமெட்ரிக் பூட்டைப் போடுவது. கட்டணம் இல்லை. கைபேசி எண் ஆதாரில் பதிவாகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ரேஷன் கடையில் விரல் வைக்கும் நேரத்தில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் நீங்களே போட்டுக் கொடுங்கள்.

லாட்ஜில், வாடகை வீட்டில் நகல் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்' ஆதாரைக் கொடுங்கள். நகலின் மேல் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறுக்கே எழுதிவிடுங்கள். எண்ணே கேட்கும் இடத்தில் 16 இலக்க விஐடி (மெய்நிகர் எண்) உதவும். அதை வேண்டும்போது மாற்றலாம்.

ஜெராக்ஸ் கடைக் கணினியில் இறக்கிய ஆதார் கோப்பை அழித்துவிட்டுத்தான் நகர வேண்டும். அதன் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் என்பது கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சிம் வாங்க ஆதார் கட்டாயமில்லை. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அது. சந்தேகம் என்றால் ஆதார் உதவி எண் 1947-ஐ அழையுங்கள்.