கிராம சபையில் எழுந்து பேசப் போகிற பிள்ளைகளுக்கு

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் சுய உதவிக் குழுப் பெண்களும் இப்போதெல்லாம் வீடு தேடி வந்து, “கிராம சபையில பேசணும் அத்தை, எப்படிப் பேசறது?” என்று கேட்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தொடங்கி இன்றுவரை ஊர்க் கூட்டங்களோடு மாரடித்துக்கொண்டிருப்பவள் நான். மேடைப் பேச்சு பழக வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள். சொன்ன சொல் தீர்மானப் பதிவேட்டில் ஏறுகிற வழியைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

1. முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணமாகி வந்த பெண்ணின் பெயர் பல நேரம் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடக்கும். அவள் வாயைத் திறந்ததும், “நீ எந்த ஊரு?” என்று ஒருவர் கேட்டால் போதும், உட்கார்ந்துவிடுவாள். பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள். பதினெட்டு நிறையாத பிள்ளைகள் வந்து கவனியுங்கள். யார் பேசும்போது யார் எழுந்து போகிறார்கள் என்று பார்த்தாலே ஊர் அரசியல் பாதி விளங்கிவிடும்.

2. கிராம சபை கூடுகிற நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

3. தலை எண்ணிக்கையில் கவனம் வையுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர் வர வேண்டும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இதைத்தான் குறைவெண் என்பார்கள். ஆள் சேராத ஊரில் நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாகக் கணக்குக் காட்டிவிடுவதும் உண்டு. ஆகவே உங்கள் பேச்சைவிட நீங்கள் கூட்டி வருகிற பத்துப் பெண்கள் முக்கியம். முந்தின நாள் சாயங்காலம் தெருக்குழாயடியில் நின்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் ‘சரி’ என்று கட்டைவிரல் வரும், ஆள் வராது.

4. ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். ரோடு, விளக்கு, ரேஷன், சுடுகாடு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினால், “எல்லாத்தையும் பரிசீலிக்கிறோம்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கேட்பது சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்படாதீர்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு ஒதுங்கக் கழிப்பறை இல்லை. அதனாலேயே தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கி அதைத்தான் முதலில் கேட்டார். அடுத்து, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலாவது உட்கார ஒரு ஸ்டூல் கேட்டார்கள். 2018-இல் கேரள அரசு கடைகள் சட்டத்தையே திருத்தியது. 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அதேபோல் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. தி.நகர் ஜவுளிக்கடையில் இன்று ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அதில் அந்தக் கோழிக்கோட்டுக்காரிகளுக்கும் பங்கு உண்டு. “பெண்களுக்கு உரிமை வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டிருந்தால் எந்த முதலாளியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்.

5. கேட்பதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். “தண்ணி வரல” என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தொட்டி, எந்த மாதத்திலிருந்து, மோட்டாரா, வால்வா, குழாய் உடைப்பா என்று எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. பெண்கள் வாசலோரமாக, எழுந்து போகத் தோதாக உட்காருவது வழக்கம். முன்னால் போய் உட்காருங்கள். ஒருத்தி பேசினால் அடுத்த நொடியே இன்னொருத்தி, “ஆமா, எங்க தெருவிலயும் அதேதான்” என்று சொல்ல வேண்டும். யார் அந்த இன்னொருத்தி என்பதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். “உங்க வீட்டு ஆம்பள வரலியா?” என்று ஒரு குரல் எங்கிருந்தாவது வரும். அதற்குப் பதில் சொல்லப் போனால் கூட்டம் அதிலேயே போய்விடும். காதில் விழாத மாதிரி அடுத்த வரியைப் படியுங்கள்.

7. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016-இல் பாதியாக உயர்த்தியது. இருந்தாலும் சில ஊர்களில் தலைவி ஓரமாக இருப்பார், பதில் சொல்வது அவர் வீட்டுக்காரராக இருக்கும். நீங்கள் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். முகத்தைத் தலைவி பக்கம் திருப்பி, “தலைவரம்மா, நீங்க சொல்லுங்க” என்று கேட்டுவிட்டுச் சும்மா நில்லுங்கள். எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள். அந்த அம்மாள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அடுத்த கூட்டத்தில் அவரே உங்கள் பக்கம் பேசுவார். பல தலைவிகளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை, கேட்கத்தான் ஆள் இல்லை.

8. இளவட்டங்களுக்கு ஒன்று. கூட்டத்தை போனில் பதிவு செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் ஊராட்சிச் செயலர் திணறுகிற அரை நிமிஷத்தை மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு ரீல்ஸ் ஆக்காதீர்கள். அடுத்த வாரம் அதே மனிதரிடம்தான் நகல் கேட்டு நிற்கப் போகிறீர்கள்.

9. இதுதான் தலையாயது. நீங்கள் பேசிக் கைதட்டு வாங்கலாம். பதிவேட்டில் ஏறவில்லையென்றால் பேசாத கணக்குத்தான். கூட்டம் கலைவதற்குள், “எங்க தீர்மானத்த எழுதிட்டீங்களா? வாசிங்க, கேட்போம்” என்று சொல்லுங்கள். மேலேயிருந்து வந்திருக்கும் பற்றாளர் முன்னால் சொல்லுங்கள். வாசிக்கும்போது ‘பேசப்பட்டது’ என்று இருந்தால் ‘தீர்மானிக்கப்பட்டது’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘விவாதிக்கப்பட்டது’, ‘கோரப்பட்டது’ என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வெறும் பக்கத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். எழுத்து முடிகிற இடத்தில் ஒரு கோடு இழுக்கச் சொல்லி அதன் கீழே போடுங்கள். பேருக்குப் பக்கத்தில் தெருவையும் எழுதுங்கள். பிறகு நகல் கேளுங்கள். இன்று நாளை என்று இழுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத்தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். தலைவரோ, தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் வருகிற தனி அலுவலரோ, யார் பொறுப்பில் இருந்தாலும் அந்த நகலுக்கு மதிப்பு ஒன்றுதான்.

10. கிடைத்தது கையை விட்டுப் போகவும் செய்யும். நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவில், எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த பெண்கள் ‘சீதம்மா கதை’ என்ற பாடத்தைப் படித்துவிட்டு, 1992 வாக்கில் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். தீ மாவட்டம் முழுக்கப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் முழு மதுவிலக்கே கொண்டுவந்தார். 1997-இல் அந்த மதுவிலக்கு தளர்ந்துவிட்டது. ஆட்சியில் இருந்தவர்கள் வருமானக் கணக்கைக் காட்டினார்கள். அந்தப் பெண்கள் தோற்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தீர்மானம் போட்டாயிற்று என்று ஃபைலைப் பரணில் போடுகிறவர்களுக்கு இந்தக் கதையை ஒருமுறை சொல்லிக்காட்டுவேன்.

11. அடுத்த கூட்டத்தில் நீங்கள் பேச வேண்டாம், வேறு ஒருத்தியைப் பேச வையுங்கள். அறிவொளியின்போது இங்கே சைக்கிள் அப்படித்தான் பரவியது. 1991, 92-இல், ஓட்டக் கற்றுக்கொண்டவள் மறுவாரமே பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு வந்தபோது ஆம்பளை சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள்; குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அதுவே வசதி என்றார்கள். நீங்களும் எழுதிய தாளை அவள் கையில் கொடுத்து, நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அவள் தடுமாறினால் உடனே மைக்கைப் பிடுங்காதீர்கள். போன கூட்டத்துத் தீர்மான நகலை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். “இது என்ன ஆச்சு?” என்று அவள் கேட்கட்டும்.