நம்பர் ஒன்று, நிறம் வேறா?

கேள்வி: இருபது வயதான காரின் கதவில் கீறல். கம்பெனி கலர் நம்பரைச் சொல்லியே பெயிண்ட் வாங்கி அடித்தும் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரிகிறது. ஒரே நம்பர் என்றால் ஒரே நிறம்தானே? கார்களுக்கு இத்தனை நிறங்கள் எப்போது வந்தன?

பதில்: தொடக்ககாலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்குப் பூசும் எண்ணெய் வார்னிஷையே பிரஷ்ஷால் பூசினார்கள். பூசி, காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றது. 1923-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் ‘டூகோ’ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. ஸ்ப்ரே செய்யலாம், சில மணி நேரத்தில் காய்ந்துவிடும், பல நிறங்களிலும் கிடைக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1924 மாடல் ஓக்லண்ட் கார்களை அதில் நீலமாக இறக்கியது. 1926 மாடலில் ஃபோர்டும் நிறங்களுக்குத் திரும்பியது. நிறங்கள் பெருகிவிட்ட பிறகு, நீலம் சிவப்பு என்று சொன்னால் போதாது. ஒவ்வொரு கலவைக்கும் ஒரு நம்பர் வேண்டும்.

அந்த நம்பர் சொல்வது, கார் தொழிற்சாலையைவிட்டு வந்த நாளின் நிறத்தை. அதன்பின் வெயிலின் புற ஊதாக் கதிர் பெயிண்டின் பிசினைச் சிதைக்கிறது, மேல்பரப்பு வெளுக்கிறது. சிவப்பு போன்ற நிறங்கள் சீக்கிரம் மங்குகின்றன. பெட்ரோல் மூடியைத் திறந்து, உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

எனவே டச்சப்புக்கு முன் கீறலைச் சுற்றி நன்றாகக் கழுவி, ரப்பிங் காம்பவுண்ட் போடுங்கள். வெளுத்த மேல்படலம் போய், பழைய நிறம் ஓரளவு திரும்பும். அந்த நிறத்துக்குத்தான் கலவையைச் சரிசெய்யவேண்டும். முதலில் ஓர் அட்டையில் அடித்து, முழுக்கக் காய்ந்தபின் வெயிலிலும் நிழலிலும் டியூப்லைட்டிலும் காரோடு ஒட்டிவைத்துப் பார்க்கும்படி பெயிண்டரிடம் சொல்லுங்கள். வேறு நிறமிகளால் கலந்த பெயிண்ட் வெயிலில் ஒத்துப்போனாலும், விளக்கில் காட்டிக்கொடுத்துவிடலாம்.

மெட்டாலிக் நிறத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பதைப் பொறுத்தே ஒளி திரும்பும். ஸ்ப்ரேயில் தட்டையாகப் படியும் துகள்கள் பிரஷ்ஷில் தாறுமாறாக நிற்கும். அதே பெயிண்ட் வேறு நிறமாகத் தெரியும். கல் தெறித்த சிறு புள்ளிக்கு பிரஷ் போதும். பெரிய கீறலுக்கு ஸ்ப்ரேதான். நிறத்தைக் கீறலின் ஓரத்தோடு வெட்டி நிறுத்தாமல் சுற்றிலும் மெலிதாகக் கரைத்துவிட்டு, நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் கோட்டைக் கதவு முழுதும் அடிக்கவேண்டும்.

சலித்துப்போய் முழு காரையும் சுரண்டிப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் சீட்டும் ஒயரும் டயரும் மாட்டுவதற்கு முன்பே, வெறும் பாடியை 130, 140 டிகிரி வெப்ப அடுப்பில் சுட்டுப் பெயிண்டை இறுக்குவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காரை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அப்படிச் சுட முடியாது. மிச்சமிருக்கும் கம்பெனி பெயிண்டை எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவும் லாபம்.