தந்தை சேர்த்த பணம்

பிள்ளையின் படிப்புக்காகத் தாலிக்கொடியையே ஈடு வைத்த பெற்றோர் நம்மிடையே பலர். அத்தியாகத்தைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. ஆயினும் பெற்றோரே, புனித அகுஸ்தீனாரின் தந்தை பத்திரீசியுசைச் சற்று எண்ணிப்பாருங்கள்.

வட ஆபிரிக்காவில் தகாஸ்தே என்னும் ஊரவர், பெருஞ்செல்வந்தரல்லர். 370ஆம் ஆண்டளவில், மகனைக் கார்த்தேஜ் நகரில் படிப்பிக்கத் தம் சக்திக்கு மிஞ்சிப் பணம் சேர்த்தார். ஊரார் புகழ்ந்தனர். பணம் சேரும்வரை 16 வயது மகன் படிப்பின்றி வீட்டிலிருந்தான். கூட்டாளிகளோடு இரவில் பேரிக்காய் திருடியது அந்த வருடத்திலேதான்! தம் நாவன்மையை விரும்பிய தந்தை ஒழுக்கத்தைக் கவனிக்கவில்லையென்று அகுஸ்தீனாரே பின்னர் எழுதினார்.

தந்தை விரைவில் இறந்தார். அந்த வருடம் மகனைத் தனியே அழைத்துப் புத்தி சொன்னவரும், பின்பு கார்த்தேஜ் செலவைத் தாங்கியவரும் தாய் மொனிக்கம்மாளே.