அறுவடைப் பொறியில் எண்ணெய் சூடேறுதலும் துணைக் கூலர் பொருத்துதலும்

பெரும்போக வேளாண்மை விளைந்து கதிர் சாயும் காலம் தை, மாசி மாதங்களாகும். அக்காலத்தில் மாவடிப்பள்ளி, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை ஆகிய பகுதிகளின் தாழ்ந்த வயல்களில் வடகீழ்ப் பருவமழையின் ஈரம் முற்றாக வடிந்திருப்பதில்லை. இறப்பர்த் தடம் பூண்ட அறுவடைப் பொறி இவ்வயல்களிற் காலையில் நன்றாக ஓடும். உச்சிவேளை நெருங்க அதன் வேகம் தளரும். பின்னர் கைபிடியை முற்றாக முன்னே தள்ளினும் பொறி ஊர்ந்தே செல்லும். ஈற்றில் நடுவயலில் நின்றுவிடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் ஓடும். எஞ்சினில் யாதொரு குறையும் இராது. குறை இருப்பது எஞ்சினின் வலுவைத் தடங்களுக்குக் கொண்டுசெல்லும் எண்ணெயில் ஆகும்.

இவ்வாறு பொறி நிற்க, முற்றிய நெல் உதிர்வதும், மழை வந்தால் சாய்ந்த கதிர் முளைவிடுவதும் கமக்காரரின் நட்டமேயன்றிப் பொறி உடைமையாளரின் நட்டம் அன்று. ஆதலால் பொறியைச் சொந்தமாக வைத்திருப்போர் மாத்திரமன்றி, ஏக்கர்க் கூலிக்கு அமர்த்துவோரும் இதனை அறிந்திருத்தல் நன்று.

வெப்பம் எங்கிருந்து பிறக்கின்றது

உழவு இயந்திரத்தின் சாதாரண கியர்ப் பெட்டியிற் பற்சக்கரம் பற்சக்கரத்தைத் தள்ளுகின்றது. தற்கால அறுவடைப் பொறிகளிலோ எஞ்சின் ஓர் எண்ணெய்ப் பம்பியைச் சுழற்றுகின்றது. அப்பம்பி தள்ளும் எண்ணெய் ஓர் எண்ணெய் மோட்டாரைச் சுழற்றுகின்றது. அம்மோட்டார் தடங்களை ஓட்டுகின்றது. கராஜ்களில் இதனை எச்.எஸ்.ரி. என்பர். இது புதிய கற்பனை அன்று. 1967 இலேயே அமெரிக்காவின் இன்ரர்நாஷனல் ஹார்வெஸ்ரர் நிறுவனம் இம்முறையில் ஓடும் உழவு இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தது. கிளச்சை மிதியாமல் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலுதல் இதன் சிறப்பு. அச்சிறப்புக்கு நாம் செலுத்தும் விலை வெப்பமே.

பம்பியினுள்ளும் மோட்டாரினுள்ளும் எண்ணெய் சிறிது பின்னோக்கிக் கசியும், உராயும். இதனாற் கடத்தப்படும் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாக மாறுகின்றது. சேற்றில் தடங்களை ஓட்ட 30 குதிரைவலு செல்கின்றது எனக் கொள்வோம். அதில் 6 குதிரைவலு, அதாவது நான்கரைக் கிலோவாற்று, எண்ணெயைச் சூடாக்குவதிற் கழியும். ஆயிரம் வாற்று மின்கேத்தல்கள் நான்கினை அந்த எண்ணெய்த் தொட்டியுள் அமிழ்த்தி, ஐந்தாவதையும் அரைவாசி நேரம் ஏற்றிவைத்ததற்கு இது ஒப்பாகும். மேட்டு நிலத்தில் அறுக்கும்போது இச்சுமை பெரிதும் குறையும். மேட்டில் ஓடும் பொறி பள்ளத்தில் நிற்பதன் காரணம் இதுவே.

எண்ணெய் 50 முதல் 80 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாகத் தொழிற்படும். அதற்கு மேல் இறப்பர் அடைப்புகள் கடினமாகி வெடிக்கத் தொடங்கும். ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலார் கொள்ளும் பொதுக் கணக்கு. மேலும், சூடேற ஏற எண்ணெய் நீர்த்துப்போகும். 40 பாகையில் 46 என்னும் தடிப்பெண் கொண்ட எண்ணெய் 100 பாகையில் ஏறக்குறைய 7 ஆகிவிடும். நீர்த்த எண்ணெய் மேலும் கசியும். கசிவு மேலும் வெப்பத்தை உண்டாக்கும். உச்சிவேளைத் தளர்ச்சி ஒருமுறை தொடங்கினால் விரைந்து வளர்வது இதனாலேயே.

அளந்து பார்த்தபின் செலவு செய்க

பொறி சூடேறுகின்றது என்றவுடன் பெரிய கூலர் ஒன்றை வாங்கிப் பூட்டுவோர் உளர். அது தலைவலிக்குத் தொப்பி மாற்றுவது போன்றது. பெரும்பாலான பொறிகளில் ஏற்கெனவே ஓர் ஒயில் கூலர் றேடியேற்றரின் முன்னோ பக்கத்திலோ உண்டு. அது தன் வேலையைச் செய்கின்றதா என்பதே முதற் கேள்வி.

இதனை அறிய, தூர நின்று அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும். பொறி ஒரு மணி நேரம் பாரத்தோடு அறுத்தபின், பொறியை நிறுத்தி உடனே கூலருள் எண்ணெய் புகும் குழாயையும் வெளிவரும் குழாயையும் அளந்து குறித்துக்கொள்க. பளபளக்கும் உலோகத்தில் இக்கருவி உண்மையிலும் குறைவாகவே காட்டும். ஆதலால் அளக்கும் இரண்டு இடங்களிலும் கறுப்பு ஒட்டுநாடாவை முன்னரே சுற்றிவைக்க வேண்டும்.

கூலரின் வெளிவாய் தண்ணீர்போற் குளிர்ந்திருக்கவேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. நிமிடத்துக்கு 20 லீற்றர் எண்ணெய் கூலரில் ஓடி, புகும்போதிருந்ததிலும் 8 பாகை மாத்திரம் குறைந்து வெளிவருமாயின், மேலே கூறிய நான்கரைக் கிலோவாற்று வெப்பம் முழுவதும் அகற்றப்பட்டுவிட்டது. சிறு வித்தியாசமே பெருவேலையைக் காட்டும். மாறாக, 30 பாகை வித்தியாசம் காணப்பட்டால் மகிழ வேண்டாம். எண்ணெய் மிகக் குறைவாகவே ஓடுகின்றது, எங்கோ அடைப்புண்டு என்பது பொருள். வித்தியாசமே இல்லையெனில், காற்று கூலரினூடே செல்லவில்லை, அல்லது எண்ணெய் கூலரைத் தவிர்த்து வேறு வழியாற் செல்கின்றது.

காற்றுச் செல்லாமையே நம் வயல்களில் நூற்றுக்குப் பெரும்பங்கு நோய்க்குக் காரணம் என்பது என் துணிபு. சப்பியும் வைக்கோற் கூளமும் வலைக்கு வெளியே படிவது கண்ணுக்குத் தெரியும். அதனை எவரும் தட்டிவிடுவர். கூலருக்கும் றேடியேற்றருக்கும் இடையே உள்ள சந்தில் நெற்சுணையும் தூசும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்பளம்போற் படிவதோ கழற்றிப் பார்த்தாலன்றித் தெரியாது. அறுவடை நாட்களில் நண்பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எஞ்சினை நிறுத்தி, விசிறிப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி அமுக்கக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்க. வெளியிலிருந்து உள்ளே ஊதுதல் அழுக்கை ஆழத்திற் புகுத்தும். வேகமாகப் பீறும் நீர்க்குழாயை அருகிற் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்றுவழி நிரந்தரமாக அடைபடும். பொறி வயலில் இறங்குமுன் சுத்தம் செய்யப்பட்டிருத்தல் வேண்டுமென்று கூலிக்கு அமர்த்துவோர் கேட்பது நியாயமே. அயல் வயலின் களை நெல் விதை நம் வயலுக்கு வருவதும் அதனால் தடைப்படும்.

இதன் பின்னர் விசிறிப் பட்டியின் தளர்வு, எண்ணெயின் மட்டம், வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க. தயாரிப்பாளரின் கைந்நூல் எந்த எண்ணெயைச் சொல்கின்றதோ அதனையே ஊற்றுக. கடைக்காரர் இருப்பிலுள்ளதைத் தருவார். தடம் அளவுக்கு மேல் இறுக்கப்பட்டிருப்பினும், உருளைகளிடையே சேறு இறுகியிருப்பினும் பாரம் கூடும். சேற்றிற் பக்கக் கியரை உயர்நிலையில் வைத்துக் கைபிடியாற் சிறிது சிறிதாகத் தள்ளி ஓட்டுவது இளஞ்சாரதிகளின் வழக்கம். தாழ்நிலைக்கு மாற்றினால் அதே வேலை குறைந்த அமுக்கத்தில் நடைபெறும், எண்ணெயும் குளிர்ந்திருக்கும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இவையாவும் செவ்வையாக இருந்தும் வெப்பம் 85, 90 பாகைக்கு ஏறுமாயின் இரண்டே காரணங்கள் எஞ்சும். பம்பியோ மோட்டாரோ தேய்ந்திருக்கலாம். அல்லது பொறியின் கூலர் நமது வெயிலுக்கும் சேற்றுக்கும் போதாதிருக்கலாம். இவற்றை வேறுபடுத்திக் காணப் பம்பியின் கூட்டிலிருந்து வடியும் எண்ணெயின் அளவைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு அளப்பிக்க வேண்டும். வடிவது கைந்நூல் கூறும் அளவுக்கு மேற்பட்டால் பம்பி தேய்ந்தது. தேய்ந்த பம்பிக்குத் துணைக் கூலர் பூட்டுவது நோயை மறைப்பதன்றித் தீர்ப்பதாகாது. அடுத்த போகத்தில் இரட்டிச் செலவு வரும். அளவு சரியாயின் துணைக் கூலர் பொருத்துவது தகும்.

பொருத்தும் முறை

பம்பிக்கும் மோட்டாருக்கும் இடையே எண்ணெய் செல்லும் இரு தடித்த வழிகளில் 200 பாருக்கும் மேற்பட்ட அமுக்கம் உண்டு. அவற்றில் எக்காரணங்கொண்டும் கூலரை இணைத்தலாகாது, அது வெடிக்கும். கூலருக்குரிய இடம், வேலை முடித்துத் தொட்டிக்குத் திரும்பும் எண்ணெயின் தாழமுக்க வழி ஆகும். பழைய கூலரிலிருந்து வெளிவரும் குழாயைக் கழற்றி, அதனைப் புதிய கூலரின் வாயிற் பூட்டி, புதியதன் மறுவாயைத் தொட்டிக்கு இணைக்க. இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக எண்ணெய் இரண்டிலும் ஓடும்.

தானியக்கக் கியர் பூட்டிய மோட்டார் வண்டிகளிலும் ஒழுங்கு இதுவே. அங்கு கியர் எண்ணெய் முதலில் றேடியேற்றரின் தொட்டியினுள் ஆறும். பாரம் இழுக்கும் வண்டிகளுக்குத் துணைக் கூலர் அதற்குப் பின்னரே சேர்க்கப்படும்.

புதிய குழாயின் உள்விட்டம் பழையதிலும் ஒடுங்கியதாக இருத்தலாகாது. ஒடுங்கினால் பம்பிக் கூட்டினுள் அமுக்கம் ஏறி, சுழல்தண்டின் அடைப்புப் பிதுங்கி எண்ணெய் வெளியே ஒழுகும். குழாய் வெப்ப எண்ணெய்க்கென உறுதிப்படுத்தப்பட்டதாக இருக்கவேண்டும். றேடியேற்றர் நீர்க்குழாய் எண்ணெயில் ஊறிச் சில நாட்களிற் கூழாகிவிடும். காலைக்குளிரில் தடித்த எண்ணெய் கூலரைத் தவிர்த்துச் செல்ல ஒரு தவிர்வழி வால்வும் சேர்ப்பது நன்று.

கூலரை எங்கே ஏற்றுவது என்பதிற் பெரும்பாலோர் தவறுவர். றேடியேற்றரின் முன்னே ஏற்றுதல் எளிது. விசிறியின் காற்று இலவசமாகக் கிடைக்கும். ஆயின் அக்காற்று முதலிற் கூலரிற் சூடாகி, அச்சூட்டோடு றேடியேற்றருட் புகும். எஞ்சின் முன்னரே சூட்டின் எல்லையில் ஓடுவதாயின் ஒரு நோயை நீக்கி மற்றொன்றை வருவித்தவராவோம். சப்பி படியும் இடமும் அதுவே. ஆதலால் சாரதியிருக்கையின் பின்னே, உயரமாக, தூசு குறைந்த பக்கத்தில் கூலரைத் தனியே நிறுத்தி, அதற்கென மின்விசிறி ஒன்றை வைப்பது சிறந்தது. 12 வோல்ற்று விசிறி 10 அம்பியர் இழுத்தால் 120 வாற்று ஆகும். பொறியின் மின்பிறப்பாக்கி அதனைத் தாங்குமா எனப் பார்த்து, உருகியும் றிலேயும் இட்டு இணைக்க. புகைபோக்கியின் அருகே எண்ணெய்க் குழாயைக் கொண்டுசெல்ல வேண்டாம். சூடான புகைபோக்கி, உலர்ந்த வைக்கோல், கசியும் எண்ணெய் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடின், விளைந்த வயலோடு பொறியும் எரியும்.

பொறியின் அதிர்வு பெரிது. கூலரை இரும்புச் சட்டத்தில் நேரே முடுக்காமல் இறப்பர்த் துண்டுகள் இடையிட்டு ஏற்றுக. இன்றேல் அதன் வாயடிகளில் வெடிப்பு விழும். கரையோர ஊர்களிற் பொறியை நிறுத்திவைப்போர் மற்றொன்றும் கவனிக்க. உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை வெண்பொடியாக்கி அரிக்கும். போகம் முடிந்ததும் நன்னீரால் மெதுவாகக் கழுவி உலர்த்தி மூடிவைக்க வேண்டும்.

பூட்டியபின் கூலரும் குழாய்களும் கொள்ளும் எண்ணெய் தொட்டியிற் குறையும். பாரமின்றிப் பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மட்டம் பார்த்து நிரப்புக. எண்ணெயில் நுரை தோன்றினால் எங்கோ காற்றை உறிஞ்சுகின்றது. கசிவைத் தேடும்போது கையாற் தடவுதல் கூடாது. அட்டைத்துண்டைப் பிடித்துப் பார்க்க. ஊசித்துளையாற் பீறும் உயரமுக்க எண்ணெய் தோலை ஊடுருவினால், காயம் கொசுக்கடிபோற் சிறிதாயினும் உடனே வைத்தியசாலை செல்ல வேண்டும். தாமதித்தோர் விரலை இழந்துள்ளனர்.

எண்ணெய் பால்போல் வெளிறியிருப்பின் அதில் நீர் கலந்துள்ளது. அதற்குக் கூலர் உதவாது. எண்ணெயை முழுவதும் மாற்றவேண்டும். வெள்ளத்தில் இறங்கிய பொறிகளிலும் உழவு இயந்திரங்களிலும் மூச்சுத்துளை வழியே நீர் புகுவது வழக்கம். வெள்ளம் பாயும் வீதியில் உழவு இயந்திரத்தை இறக்குவதோ எண்ணெய்க்கேடு மாத்திரமன்று. 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்ட துயரத்தை இவ்வூரார் நன்கறிவர்.

மரக்கறிச் செய்கையாளரின் கை உழவு இயந்திரங்களுக்கு இச்செலவு வேண்டியதில்லை. அவற்றின் கியர்ப் பெட்டி பற்சக்கரத்தால் இயங்குவது. பிறக்கும் வெப்பத்தை அதன் கூடே காற்றிற் கொடுத்துவிடும். கைவைக்க முடியாதபடி அது சுட்டால் எண்ணெய் குறைந்துள்ளது, அல்லது கிளச்சு வழுக்குகின்றது எனக் கொண்டு அவற்றையே திருத்துக.

துணைக் கூலர் பூட்டிய பொறியை முதல்நாள் அரை ஏக்கர் அறுத்தவுடன் நிறுத்தி, எல்லாப் பூட்டுகளையும் மீண்டும் இறுக்கி, முன் குறித்த இரு இடங்களிலும் புதிய கூலரின் இரு வாய்களிலும் வெப்பத்தை அளந்து எழுதிவைக்க. மாற்றிய பழைய எண்ணெயை வாய்க்காலில் ஊற்றாமல் கலனில் அடைத்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுக்கவும்.