ஓராண்டில் திருக்குறள்

தை பிறந்ததும், இவ்வாண்டு திருக்குறள் முழுவதையும் வாசித்து முடிக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாளுக்கொரு குறள் என்று தொடங்குவோர் கணக்கைப் பார்ப்பதில்லை. 1330 குறள்களுக்கு அது மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாகும்!

ஆகவே அதிகாரக் கணக்கில் செல்வதே நன்று. வாரத்திற்கு மூன்று அதிகாரங்கள், அதாவது முப்பது குறள்கள் வாசித்தால், 133 அதிகாரங்களும் 45 வாரங்களில் நிறைவுறும். எஞ்சும் ஏழு வாரங்கள் பிள்ளைகளின் பரீட்சைக்கும், ஊர்ப் பயணத்திற்கும், காய்ச்சல் தடிமனுக்கும் உரியவை. இவற்றுக்கு இடம் வைக்காத திட்டம் மாசியிலேயே நின்றுவிடும்.

அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். தொய்வு வருவது அதன் பின்புதான். பொருட்பாலில் 70 அதிகாரங்கள் உள்ளன. அரசன், அமைச்சன், தூது, அரண் என்று அது நீளும்போது, "இது எங்களுக்கு எதற்கு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே வரிசையை விட்டுவிடுவோம். நட்பைப் பற்றிய ஐந்து அதிகாரங்களையும் (79 முதல் 83 வரை), சொல்வன்மை (65), உழவு (104) ஆகியவற்றையும் முதலில் வாசித்துவிட்டு, மற்றவற்றுக்குத் திரும்பலாம். வாசித்த அதிகாரத்தின் எண்ணைச் சுவர்க் கலண்டரில் குறித்து வைத்தால் எதுவும் விடுபடாது.

1886இல் வெளிவந்த போப் ஐயரின் ஆங்கிலச் செய்யுள் பெரியவர்களுக்குச் சுவையானது. இக்காலப் பிள்ளைகளுக்கு அதற்கே ஓர் உரை வேண்டும். மு. வரதராசனாரின் எளிய தெளிவுரையைப் பெற்றோர் படித்து, பொருளைத் தம் சொல்லில் கூறலாம். குறளை மட்டும் பிள்ளையே எழுத்துக்கூட்டி உரக்க வாசிக்கட்டும். ஏழே சீர்கள்தானே!