வலிக்காத பாதத்தைப் பார்த்துக்கொள்ளப் பழக்குவது எப்படி?

தொழுநோய்க்கு மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் கிருமி ஒழிந்துவிடும். ஆனால் நோயால் நெடுநாள் பழுதான நரம்பு பெரும்பாலும் சரியாவதில்லை. உணர்ச்சி போன பாதத்தில் முள் ஏறினாலும் ஆளுக்குத் தெரியாது. அதே காலோடு கடைக்கும் வயலுக்கும் நடந்துகொண்டிருப்பார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, கண்டுகொள்ளாத காயங்களால்தான் குறைகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர்களில் முக்கியமானவர் 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட்.

ஆகவே மருந்து முடிந்த பிறகும் அன்றாடக் கவனிப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. அதை அந்த ஆளே செய்தாக வேண்டும். அவரைச் செய்யவைக்க நினைக்கும் செவிலியருக்கும் வீட்டாருக்கும் சில வழிகள்.

முதலில், அறிவுரையைத் தள்ளிவையுங்கள். "தினமும் காலைப் பாக்குறீங்களா ஐயா?" என்று கேட்டால் "பாக்குறேம்மா" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில், "நேத்து எப்படிக் கழுவுனீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். குனிய முடியவில்லை, தேய்க்கும் கல்லைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, தண்ணீர் தூக்கித் தர ஆளில்லை என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சோம்பல் என்று நாம் எழுதிவைப்பதில் பாதி இந்த மாதிரிச் சங்கடங்கள்தான்.

அடுத்து, உணர்ச்சி எங்கே இல்லை என்பதை அவருக்கே காட்டுங்கள். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பால்பாயின்ட் பேனா முனையால் உள்ளங்காலில் லேசாகத் தொடுங்கள். தொட்ட இடத்தை அவர் விரலால் காட்டட்டும். காட்டாமல் விட்ட இடங்களைப் பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. பத்து முறை சொல்லி ஏறாதது இதில் ஏறும்.

பிறகு ஒரே ஒரு வேலையில் தொடங்குங்கள். தோல் வறண்டு வெடித்த பாதமென்றால் அது ஊறவைப்பதுதான். வாளியில் சாதாரணத் தண்ணீர் எடுத்து, சுமார் இருபது நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும். வெந்நீர் கூடவே கூடாது. சூடு தெரியாத கால் வெந்துபோகும். ஊறியதும் தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லில் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிளேடால் சீவும் பழக்கம் இருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். ஈரம் உலரும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் உறிஞ்சிய நீர் தோலிலேயே தங்கும். (சர்க்கரை நோயாளிக்கு இப்படி நெடுநேரம் ஊறவைக்கச் சொல்வதில்லை. அவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.)

இருபது நிமிடம் சும்மா உட்காரு என்றால் யாரும் உட்கார மாட்டார்கள். ஏற்கெனவே உட்காரும் நேரத்தோடு அதை முடிச்சுப் போடுங்கள். சாயங்கால சீரியல் தொடங்கும்போது வாளியில் கால், முடியும்போது எண்ணெய். நேரத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நாம் குறித்துக்கொடுத்த நேரம் ஒரு வாரம் தாண்டாது.

கருவிகள் வீட்டிலேயே இருக்கின்றன. விரல் மடங்கிப்போனவருக்குத் துவைக்கிற கல்லே போதும், பாதத்தை அதில் தேய்த்துக்கொள்வார். குனிய முடியாதவர் ஒரு கண்ணாடியைத் தரையில் சாய்த்துவைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். அரிவாள், மண்வெட்டிப் பிடிகளில் பழைய துணியையோ சைக்கிள் டியூப்பையோ சுற்றினால் கையில் கொப்புளம் குறையும். சூடான டம்ளரைத் துணி வைத்துப் பிடிக்க வேண்டும். பீடிப் பழக்கம் உள்ளவரிடம் அதைப் பற்றியும் பேசுங்கள். விரலிடுக்கில் சுட்டது நாற்றம் வந்த பிறகே தெரியும். இமை சரியாக மூடாதவர் காலையிலும் மாலையிலும் கண்ணாடியில் கண் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூங்கும்போது சுத்தமான துணியால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

வீட்டாருக்கு ஒரு தனி வேலை உண்டு. நடந்து வந்து சற்று ஓய்ந்த பிறகு இரண்டு பாதங்களையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே உள்ளுக்குள் புண் உருவாகிறது என்று பொருள். அந்தக் காலுக்கு அன்று ஓய்வு கொடுக்க வேண்டும். மற்றபடி கழுவுவது, தேய்ப்பது, எண்ணெய் போடுவது எதையும் அவருக்காக நீங்கள் செய்யாதீர்கள். மகளே செய்து பழக்கிவிட்டால், அவள் ஊருக்குப் போன வாரத்தில்தான் புண் வரும்.

புண் வந்துவிட்டால் திட்ட வேண்டாம். திட்டு வாங்கியவர் அடுத்த புண்ணை மறைப்பார். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, நடையைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம் இருவரும் சேர்ந்து காரணம் தேடுங்கள். செருப்பில் ஆணி துருத்தியிருக்கலாம், வார் இறுக்கியிருக்கலாம், அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகம் நடந்திருக்கலாம். அடி மெத்தென்றிருக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பை அரசுத் திட்டத்திலேயே இலவசமாகக் கேட்டு வாங்கலாம். ஊரார் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று அதைப் போட மறுப்பவர்கள் உண்டு. அந்தக் கூச்சத்தைக் கேலி செய்யாமல், வார் வைத்த சாதாரணச் செருப்பிலேயே மெத்தென்ற உள்ளடி வைத்துத் தரச் செருப்புத் தைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சிலவற்றை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. புண்ணில் நாற்றம், வீக்கம், காய்ச்சல், திடீரென்று கண் சிவப்பு அல்லது பார்வை மங்கல், கை கால் நரம்பில் வலி, புதிதாக மரத்துப்போதல் அல்லது பலம் குறைதல் என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இப்படி வலியும் மரப்பும் பலக்குறைவும் தரும் நரம்பு அழற்சி மருந்து முடித்துப் பல மாதம் கழித்தும் வரலாம். ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் போன உணர்ச்சியும் பலமும் திரும்ப வாய்ப்பிருக்கிறது.