வெடேலியாவை வேரோடு எடுக்கணுமா?

மதில் ஓரமாக மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கிறதே, அது மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை தங்கச்சி. ஒரு இலையைக் கிள்ளிப் பார். கரிசலாங்கண்ணி இலை ஒடுங்கி நீண்டிருக்கும். இது தடித்துப் பளபளக்கும், நுனிப்பக்கம் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். நர்சரியில் 'வெடேலியா' என்று கொடுப்பார்கள். மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கத்துக் கொடி, அழகுக்கென்று கொண்டுவந்தது. உலகிலேயே மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் என்று ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு. கீரையென்று நினைத்துச் சட்டியில் போட்டுவிடாதே. சினை ஆடு, மாட்டுக்கும் போடாதே, கரு கலைய வாய்ப்புண்டு.

ஆள் வைத்துப் புல்வெட்டும் மெஷினால் அடிக்கலாம் என்று மட்டும் யோசிக்காதே. இது விதையால் பரவுவதைவிடத் தண்டால் பரவுவதே அதிகம். தண்டைக் கையில் எடுத்தால் கணுவுக்குக் கணு வெள்ளை வேர் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். மெஷின் அதைத் துண்டு துண்டாக்கித் தோட்டம் முழுக்க எறியும். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் ஒரு செடி.

நல்ல மழை பெய்து மண் இளகியிருக்கும்போது இறங்கு. ஷூவும் கையுறையும் போட்டுக்கொள். இந்தப் புதருக்கடியில் பாம்பு சுருண்டு கிடக்கும், அதனால் முதலில் நீளக் கம்பால் தட்டிவிடு, பிறகுதான் கையை வை. நடுவில் பிய்க்காமல் ஓரத்திலிருந்து தூக்கிப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே போ. மண்ணைப் பிடித்து நிற்கும் இடத்தில் களைக்கொத்தால் நெம்பு. ஒடிந்து விழுந்ததை அன்றைக்கே பொறுக்கிவிடு, இதில்தான் முக்கால்வாசிப் பேர் அலுத்துப்போவார்கள்.

எடுத்ததைப் பச்சையாக உரக்குழியில் போடக் கூடாது, சாக்கடை ஓரம் வீசவும் கூடாது. தண்ணீர் இழுத்துப்போகிற இடமெல்லாம் முளைக்கும். மொட்டை மாடியிலோ சிமென்ட் தரையிலோ பரப்பிக் கையில் நொறுங்கும்வரை காயவிடு. மழைக்காலமாக இருந்தால் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயில் படும் இடத்தில் வைத்து அழுகவிடு. அப்புறம் உரமாக்கலாம்.

களைக்கொல்லி, உப்பு, வினிகர் எதுவும் வேண்டாம். கிணறும் முருங்கையும் இருக்கிற தோட்டம் அது. உப்பு போட்ட மண்ணில் அப்புறம் நீ ஆசைப்பட்டு வைப்பதும் வராது.

மண்ணை வெறுமனே விடாதே. பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து நனைத்து, மேலே தென்னை மட்டையும் சருகும் போடு. அட்டை போட முடியாத இடத்தில் தட்டைப்பயறோ கொள்ளோ நெருக்கமாக விதை. நிழலும் ஈரமும் உள்ள இடத்துக்கு வல்லாரை. வாரம் ஒருமுறை சுற்றிவந்து, தலைகாட்டுகிற தளிரை இரண்டு இலையில் இருக்கும்போதே வேரோடு உருவு. ஓரிரு மழைக்காலம் விடாமல் பார்க்கணும்.

மதிலுக்கு அந்தப் பக்கமும் இதே கொடி இருக்கிறது. பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசி, இரண்டு பக்கத்தையும் ஒரே வாரத்தில் எடுத்துவிடுங்கள்.